கெடு வைத்த காத்திருப்பு: கொள்ளைநோய்க் காலங்களில் சிறுநீரகக் கல் மருத்துவம்

சிறுநீரகக் கல் மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கத்தியும் இடுக்கியும் முதலில் வந்தன, பிறகு சிறுநீர்ப்பைக்குள் நுழைந்து கல்லை நசுக்கும் உலோகக் கருவி வந்தது, அதற்கும் பின்னர் அதிர்வலை இயந்திரமும் லேசரும் வந்தன என்று அந்த வரிசை நீளும். ஆயினும் எந்தக் காலத்து மருத்துவரானாலும், கருவியைக் கையில் எடுக்குமுன் அவர் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கல்லை இப்போதே எடுக்க வேண்டுமா, பொறுக்கலாமா, பொறுத்தால் எதுவரை பொறுக்கலாம்? சாதாரண நாட்களில் மருத்துவரின் அனுபவமும் நோயாளியின் வசதியும் அறுவை அரங்கின் நேரப்பட்டியலும் சேர்ந்து இதற்கு விடை சொல்லிவிடுவதால், இது தனியொரு கேள்வியாகக் கண்ணில் படுவதில்லை. மருத்துவமனையும் மருத்துவரும் வேறொரு பெருநோய்க்குத் தேவைப்படும் காலத்தில்தான் அது வெளியே வந்து நிற்கிறது. 2020இல் பரவிய கோவிட்-19 பெருந்தொற்று, இந்தக் கேள்விக்கான விடையை மணிக்கணக்கிலும் வாரக்கணக்கிலும் எழுதிவைக்கும்படி சிறுநீரக அறுவை மருத்துவர்களை நிர்ப்பந்தித்தது. அப்படி எழுதப்பட்டவற்றுள் புதியவை சிலவே. பெரும்பகுதி, ஈராயிரம் ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகத் திரண்ட அறிவின் தொகுப்பு.

இந்த வரலாற்றைப் பின்தொடர்வதற்கு நோயின் மூன்று நிலைகளைப் பிரித்தறிந்துகொள்வது அவசியம். சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்ற பொருட்கள் அளவுமீறிச் செறிவடையும்போது படிகங்களாகி, படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கல்லாகின்றன. சிறுநீரகத்துக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும் கல் ஆண்டுக்கணக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடலாம். இது முதல் நிலை. அதே கல், சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைக்கும் மெல்லிய சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும்போது விலாவிலிருந்து அடிவயிறு வரை பாயும் கடும் வலி உண்டாகிறது, சிறுநீர் பின்தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. தமிழ்நாட்டில் கல்லடைப்பு என்று வழங்கும் இந்த இரண்டாம் நிலையில், 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே வெளியேறிவிடும். அடைப்புக்கு மேல் தேங்கிய சிறுநீரில் கிருமித்தொற்றும் சேர்ந்துவிட்டால் அது மூன்றாம் நிலை. தேங்கிய நீர் சீழாகி, கிருமி இரத்தத்தில் கலந்து, ஓரிரு நாட்களுக்குள் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே, ஒரே கல் பொறுக்கத்தக்கதாகவும் பொறுக்கலாகாததாகவும் ஆவது அதன் பருமனைக் காட்டிலும் அது நிற்கும் இடத்தையும் அதற்குப் பின்னால் தேங்கி நிற்பதையும் பொறுத்தது.

கத்திக்கு அஞ்சிய காலம்

பண்டைய மருத்துவம் அறிந்த கல் பெரும்பாலும் சிறுநீர்ப்பைக் கல்லே. உடலுக்குள் ஆழத்தில் கிடந்த சிறுநீரகத்தைக் கத்தி நெருங்க முடியாத நிலையில், கீழே இறங்கிச் சிறுநீர்ப்பையில் தங்கி வளர்ந்த கல்லை மட்டுமே விரலால் தொட்டறியவும் வெட்டியெடுக்கவும் முடிந்தது. அந்த வெட்டும்கூட எளிதில் கைவைக்கத்தக்கதாக இருக்கவில்லை. கிரேக்க மரபில் மருத்துவர்கள் ஏற்ற இப்போக்ரேட்டிசின் உறுதிமொழி, கல் நோயாளியின் மேல் கத்தி வைக்கமாட்டேன் என்றும், அத்தொழிலில் பழகியவர்களுக்கே அதை விட்டுவிடுவேன் என்றும் கூறுகிறது. சுசுருத சங்கிதை, அசுமரி என்று தான் அழைக்கும் இந்நோய்க்கு முதலில் மருந்துகளை வகுத்து, அவை பலிக்காதபோது மட்டுமே அறுவையை அனுமதிக்கிறது. செய்யாவிட்டால் சாவு உறுதி, செய்தாலோ பிழைப்பது ஐயம் என்ற நிலையில், ஆள்வோரின் இசைவைப் பெற்றே தேர்ந்த மருத்துவர் அதில் இறங்க வேண்டும் என்று அது விதிக்கிறது. தலையிடுவதன் ஆபத்தையும் தலையிடாமையின் ஆபத்தையும் எதிரெதிரே வைத்து எடைபோடும் முறை அந்த நூலிலேயே தெளிவான வடிவம் பெற்றுவிட்டது.

உரோமாபுரியின் செல்சசு, கி.பி. முதல் நூற்றாண்டில், இன்னும் ஒரு படி மேலே சென்று காலத்தையும் வயதையும் வரையறுத்தார். வேறு எவ்வகையிலும் நோயைத் தணிக்க முடியாதபோது மட்டுமே, அதுவும் வசந்த காலத்தில், 9 வயதுக்குக் குறையாத, 14 வயதுக்கு மேற்படாத சிறுவர்களுக்கே அறுவை செய்யலாம் என்பது அவர் வகுத்த விதி. கடும் குளிரும் கடும் வெப்பமும் புண் ஆறுவதற்கு ஏற்றவை அல்ல என்று கருதப்பட்டதால், ஐரோப்பாவில் கல் அறுவைக்கு வசந்தத்தையே தேர்ந்தெடுக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. கல் நோயாளி ஒருவர் மாதக்கணக்கில் நாள் பார்த்துக் காத்திருப்பது அக்காலத்தில் மருத்துவத்தின் இயல்பான பகுதியாகவே இருந்தது.

இலண்டனில் கடற்படை அலுவலராக உயர்ந்து, தம் நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்சு இதற்குத் தக்க சான்று. சிறுவயது முதலே கல்லால் துன்புற்ற அவர், வலி தாங்கும் எல்லையைக் கடந்த பிறகு, 1658 மார்ச் 26 அன்று, 25 வயதில், தாமசு ஆலியர் என்ற அறுவையாளரிடம் தம்மை ஒப்படைத்தார். மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. நோயாளியைக் கால்களை மடக்கிக் கட்டி, ஆட்கள் சூழ்ந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட பகுதியைக் கீறி, சிறுநீர்ப்பையின் வாயை அகட்டி, இடுக்கியால் கல்லைப் பற்றி வெளியே இழுப்பார்கள். பீப்சின் கல் டென்னிசு பந்தின் பருமன் இருந்ததாக அவருடைய நண்பர் சான் ஈவ்லின் குறித்திருக்கிறார். பிழைத்தெழுந்த பீப்சு, அந்தக் கல்லை வைப்பதற்கு 1664இல் 25 சில்லிங் செலவில் பேழை ஒன்று செய்யச் சொன்னார். அறுவை நடந்த நாளை ஆண்டுதோறும் விருந்து வைத்துக் கொண்டாடவும் தலைப்பட்டார். உயிரோடு மீள்வது அத்தனை அரிய செயலாகக் கருதப்பட்டது.

கொள்ளைநோய்க்கு நடுவே கல்

கல்லும் கொள்ளைநோயும் ஒரே வாழ்வில் குறுக்கிட்ட முற்கால நோயாளிகளில் பிரெஞ்சு எழுத்தாளர் மோந்தேன் குறிப்பிடத்தக்கவர். தந்தை 1568இல் கல் நோயால் அவதியுற்று இறந்ததைக் கண்ட அவருக்கு, 1578ஆம் ஆண்டளவில் அதே நோய் தொடங்கியது. மருத்துவர்கள்மேல் நம்பிக்கை வைக்காத அவர், 1580-81இல் பிரான்சு, செருமனி, இத்தாலி ஆகியவற்றின் ஊற்றுநீர்த் தலங்களுக்குப் பயணம் செய்து, எங்கே எவ்வளவு நீர் குடித்தார், எவ்வளவு கழித்தார், எத்தகைய கல் வெளிவந்தது என்றெல்லாம் பயணக் குறிப்பில் பதிந்துவைத்தார். பிறகு போர்தோ நகரத்தின் மேயராக இருந்த அவர், பதவிக்காலம் முடியும் 1585இல் அந்நகரில் பிளேக் பரவியிருந்ததால் உள்ளே நுழையவில்லை. நோய் தம் சொந்த ஊரையும் நெருங்கியபோது குடும்பத்தோடு ஆறு மாதங்கள் இடம்விட்டு இடம் அலைந்தார். நீர் நிறையக் குடிப்பது, நடமாடுவது, கல் இறங்கக் காத்திருப்பது என்ற அவருடைய முறை இன்றைய மருத்துவர் சிறு கற்களுக்குச் சொல்லும் அறிவுரையோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆனால், அவரது காத்திருப்பில் மருத்துவர் என்று ஒருவர் இல்லை. கல் இறங்காது போனால் அடுத்து என்ன என்ற கேள்விக்கு அவருடைய ஏற்பாட்டில் விடையும் இல்லை.

1665இல் இலண்டனைப் பிளேக் தாக்கியபோது பீப்சு தம் மனைவியை வுல்விச்சுக்கு அனுப்பிவிட்டு, கடற்படை அலுவலகம் கிரீன்விச்சுக்கு மாற்றப்பட்டபோது தாமும் அங்கே சென்றார். செல்வம் படைத்தோரும் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர்களில் பலரும் நகரைவிட்டு வெளியேறினர். நகரிலேயே தங்கிவிட்டவர்களின் சாவுக்கணக்கு, திருச்சபை எழுத்தர்கள் வாரந்தோறும் அச்சிட்டு வெளியிட்ட இறப்புப் பட்டியல்களில் இருக்கிறது. அவ்வாண்டின் மொத்தப் பட்டியல் 97,306 பேர் புதைக்கப்பட்டதாகவும், அவர்களில் 68,596 பேர் பிளேக்கால் இறந்ததாகவும் கூறுகிறது. அதே தாளில், அகரவரிசையில் சற்றுக் கீழே, கல்லாலும் நீர்க்கடுப்பாலும் இறந்தவர்கள் 98 பேர் என்ற பதிவு காணப்படுகிறது.

இந்தச் சிறிய எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது. இறப்பின் காரணத்தைத் தீர்மானித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். வீடுவீடாகச் சென்று பிணத்தைப் பார்த்துச் சொல்லும்படி திருச்சபை வட்டங்கள் அமர்த்தியிருந்த ஏழை மூதாட்டிகள் அவர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்து, சீழ் கட்டி, குளிர்க்காய்ச்சலோடு இறந்த ஒருவரை, ஊரெங்கும் காய்ச்சலால் சாவு விழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், அவர்கள் எந்தத் தலைப்பின் கீழ் எழுதியிருப்பார்கள் என்பது ஊகிக்கத்தக்கதே. ஒரு நோயின் பேரலை இன்னொரு நோயின் அடையாளத்தையே மூடிவிடக்கூடும் என்ற இந்தச் சிக்கல், மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் வாய்த்த மருத்துவமனைகளிலும் திரும்ப எழுந்தது. பீப்சைப் பொறுத்தவரை, அவர் 1703இல் இறந்தபின் உடலைத் திறந்து பார்த்தபோது இடது சிறுநீரகத்தில் ஏழு கற்கள் கூடுகட்டியிருந்தன. சிறுநீரகத்தில் ஒதுங்கிக் கிடக்கும் கல்லோடு ஒருவர் நெடுங்காலம் வாழ முடியும் என்பதற்கு அவருடைய 70 ஆண்டு வாழ்வு நல்ல எடுத்துக்காட்டு.

காத்திருப்பு சுருங்கிய இரு நூற்றாண்டுகள்

கத்தியின் ஆபத்து குறையக் குறையக் காத்திருப்பின் காலமும் சுருங்கியது. இலண்டனின் வில்லியம் செசல்டன் 1727இல் கையாளத் தொடங்கிய பக்கவாட்டுக் கீறல் முறை, தேர்ந்த கையில் ஒரு நிமிடத்துக்குள் முடியக்கூடியதாக இருந்தது. 1824இல் பாரிசில் சான் சிவியால், சிறுநீர்த்துவாரத்தின் வழியாகவே கருவியைச் செலுத்திச் சிறுநீர்ப்பைக் கல்லை உள்ளேயே துகளாக்கும் முறையை உயிருள்ள நோயாளியிடம் செய்து காட்டினார்; உடலைக் கீறாமல் செய்த இந்த முறையில் இறப்பு வெகுவாகக் குறைந்ததை எண்ணிக்கைகளைக் கொண்டு நிறுவ அவர் முயன்றது, மருத்துவத்தில் புள்ளிவிவரம் நுழைந்த தொடக்க நிகழ்வுகளில் ஒன்று. 1878இல் ஆர்வர்டின் என்றி பிகலோ, கல்லை நசுக்கித் துகள்களை அதே அமர்வில் உறிஞ்சியெடுக்கும் முறையைக் கொணர்ந்தார். சிறுநீர்ப்பைக் கல் சிறுவர்களிடம் மலிந்திருந்த இந்தியாவில், இந்தோரில் பணியாற்றிய கீகன், வடமேற்கு மாகாணங்களில் பணியாற்றிய பீட்டர் பிரேயர் முதலிய பிரிட்டிஷ் அரசுப் பணி மருத்துவர்கள் அம்முறையைப் பெருமளவில் கையாண்டு பெயர்பெற்றனர்.

காலம் தாழ்த்துவதன் விலையையும் அதே நூற்றாண்டு கண்டது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குச் சிறுநீர்ப்பையில் கல் இருப்பதாக 1870 கோடையில் மருத்துவர்கள் கருதினர்; ஆனால் அரசியல் காரணங்களால் அது ஒதுக்கிவைக்கப்பட, அவர் நோயோடேயே பிரசியாவுக்கு எதிரான போருக்குச் சென்றார். தோற்று, நாடு கடந்து இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, 1873 சனவரியில் அக்காலத்தின் மிகச்சிறந்த கல் அறுவையாளரான என்றி தாம்சன் சிகிச்சையைத் தொடங்கினார். கல்லை முழுதும் அகற்றுமுன், சனவரி 9 அன்று நெப்போலியன் உயிரிழந்தார்; நெடுநாள் அடைப்பால் அவருடைய சிறுநீரகங்கள் ஏற்கெனவே கெட்டுவிட்டிருந்தன. அவருக்கு மருத்துவரும் இருந்தனர், கருவியும் இருந்தது; இல்லாதிருந்தது, எந்த நாளுக்கு மேல் பொறுக்கக் கூடாது என்ற கெடு.

சிறுநீரகத்துக்குள்ளேயே கத்தியைச் செலுத்திக் கல்லை எடுக்கும் அறுவையை 1880இல் இலண்டனின் என்றி மோரிசு செய்தார். 1896இல் எக்சு கதிர் சிறுநீரகக் கல்லைக் கண்ணுக்குக் காட்டியது. ஆயினும் இந்தக் கட்டுரையின் நோக்கில் அவற்றினும் முக்கியமானவை, கல்லைத் தொடாமல் அடைப்பை மட்டும் நீக்கும் இரண்டு வழிகள். முதுகுப்புறத் தோலின் வழியாக ஊசியால் சிறுநீரகத்தைத் துளைத்து, மெல்லிய குழாயை வைத்து, தேங்கிய நீரையும் சீழையும் வெளியிலுள்ள பைக்குள் வடியவிடும் நெஃப்ராஸ்டமி முறையை 1955இல் அமெரிக்காவின் வில்லார்டு குட்வின் விளக்கினார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளேயே கிடந்து, இரு முனைகளும் சுருண்டிருப்பதால் நழுவாமல் நிற்கும் ‘டபுள் ஜே’ ஸ்டென்ட் 1978இல் வந்தது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இதை டி.ஜே. ஸ்டென்ட் என்பார்கள். கல்லை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் நீக்கிக் காலத்தை வாங்கித் தரும் வழிகள் இவை. 1980 பிப்ரவரியில் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியும் அவர் குழுவினரும் டோர்னியர் விமான நிறுவனம் உருவாக்கிய இயந்திரத்தால், உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையைச் செலுத்திக் கல்லை உடைத்தனர். தோல்வழித் துளையும், சிறுநீர்க்குழாய்க்குள் செல்லும் நுண்ணிய உள்நோக்கியும், பின்னர் லேசரும் சேர்ந்தபோது பழைய திறந்த அறுவை அரிதாகிவிட்டது.

இந்த வளர்ச்சியின் உச்சமாக, பிரிட்டனின் மருத்துவத் தர நிர்ணய அமைப்பான நைசு, 2019 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வலி தாங்க முடியாததாகவோ கல் தானே வெளியேற வாய்ப்பில்லாததாகவோ இருந்தால் 48 மணி நேரத்துக்குள் கல்லை அகற்றும் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று கூறியது. வசந்தத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த நோய்க்கு இரண்டே நாள் கெடு வைக்கப்பட்டது. அந்த வழிகாட்டுதல் வெளிவந்து 14 மாதங்களில் உலகின் அறுவை அரங்குகள் பலவும் அவசரமற்ற அறுவைகளுக்கு மூடப்பட்டன.

2020: எழுத்தில் வந்த வரிசை

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 17 அன்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணியும், மார்ச் 20 அன்று இந்தியாவின் மத்திய சுகாதார அமைச்சகமும் அவசரமற்ற அறுவைகளைத் தள்ளிவைக்கும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொண்டன. காரணங்கள் இரண்டு. முதலாவது வசதிப் பற்றாக்குறை: மயக்க மருந்து மருத்துவர்களும் வென்டிலேட்டர்களும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் மூச்சுத்திணறும் நோயாளிகளுக்குத் தேவைப்பட்டன. இரண்டாவது, கத்தியின் ஆபத்தே திடீரென்று மாறிப்போனது: 24 நாடுகளின் 235 மருத்துவமனைகளில் அறுவைக்குச் சற்று முன்னரோ பின்னரோ கோவிட் தொற்றிய 1,128 நோயாளிகளை ஆராய்ந்து 2020 மே மாதம் வெளியான ஆய்வு, அவர்களில் 23.8 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்ததைக் காட்டியது. பலவகை அறுவைகளும் அதில் அடக்கம் என்றாலும், செய்தால் பிழைப்பது ஐயம் என்ற சுசுருதரின் கணக்கு நவீன அறுவை அரங்குக்குள் மறுபடி நுழைந்துவிட்டது என்பதை அந்த எண் உணர்த்தியது.

இந்நிலையில் ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கம் 2020 ஏப்ரலில் தன் துறையின் நோய்கள் அனைத்தையும் நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. ஆறு மாதம் தள்ளிவைத்தாலும் தீங்கு நேர வாய்ப்பு மிகக் குறைவானவை முதல் அடுக்கு. மூன்று நான்கு மாதத் தாமதத்தால் தீங்கு நேரக்கூடுமாயினும் அதற்கு வாய்ப்பு குறைவு என்பவை இரண்டாம் அடுக்கு. ஆறு வாரத்துக்கு மேல் தாமதித்தால் தீங்கு நேர மிகுந்த வாய்ப்பு உண்டு என்பவை மூன்றாம் அடுக்கு. 24 மணி நேரம்கூடப் பொறுக்கலாகாதவை நான்காம் அடுக்கு. கல் நோய் இந்த நான்கிலும் பரவி நிற்கும் தன்மையுடையது. சிறுநீரகத்தில் வலியின்றிக் கிடக்கும் கல் முதல் அடுக்கில் அமைந்தது. அடைப்போடு காய்ச்சலும் குளிரும் கண்டவர்கள், இருக்கும் ஒரே சிறுநீரகத்தில் அடைப்பு ஏற்பட்டவர்கள், இரு பக்கமும் அடைத்துச் சிறுநீரே பிரியாதவர்கள், எந்த மருந்துக்கும் வலி அடங்காதவர்கள் ஆகியோர் அன்றன்றே கவனிக்கப்பட வேண்டியவர்கள் ஆயினர். இடைப்பட்டோரை அவர்களுடைய கல்லின் பருமன், அடைப்பின் அளவு, இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறும் வேகம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர்கள் வரிசைப்படுத்தினர்.

இந்த வரிசைக்குப் பின்னால் முந்தைய ஆண்டுகளின் ஆய்வறிவு இருந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, கல்லடைப்போடு இரத்தத்தில் கிருமி கலந்தவர்களில் அடைப்பு நீக்கப்படாதோரில் சுமார் 19 விழுக்காட்டினரும், ஸ்டென்டாலோ நெஃப்ராஸ்டமியாலோ அடைப்பு நீக்கப்பட்டோரில் சுமார் 9 விழுக்காட்டினரும் இறந்ததாகக் கண்டிருந்தது. ஆகவே பெருந்தொற்றுக் காலத்திலும் நீரை வடியவிடும் அந்தச் சிறு செயலை நிறுத்துவதற்கு யாரும் உடன்படவில்லை. அதைச் செய்யும் இடமும் முறையும்தான் மாறின. முழு மயக்கம் தவிர்க்கப்பட்டு, இடத்தை மரக்கச்செய்யும் ஊசியோடு, அல்ட்ராசவுண்டு வழிகாட்ட நெஃப்ராஸ்டமி வைக்கும் பழைய முறை மறுபடி மதிப்புப் பெற்றது. முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாத அதிர்வலைச் சிகிச்சையும், லேசர் உள்நோக்கி முறையால் பின்தள்ளப்பட்டிருந்த நிலையிலிருந்து சில இடங்களில் முன்னுக்கு வந்தது.

நோயை அடையாளம் காண்பதிலும் குழப்பங்கள் நேர்ந்தன. காய்ச்சலோடு வந்த எவரும் முதலில் கோவிட் சந்தேகப் பிரிவுக்கே அனுப்பப்பட்ட மாதங்களில், விலா வலியோடு வந்த காய்ச்சல் சிறுநீரகச் சீழின் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்திருப்பது மருத்துவரின் கடமையாயிற்று. இதற்கு எதிர்மாறான நிகழ்வும் உண்டு. கல்லைத் தேடி எடுக்கப்படும் வயிற்று சி.டி. ஸ்கேன், நுரையீரலின் அடிப்பகுதியையும் சேர்த்தே படம் பிடிக்கும். இருமலோ மூச்சுத்திணறலோ இல்லாமல் கல் வலிக்கென்று வந்த சிலருடைய படத்தின் மேல் ஓரத்தில், கோவிட் நிமோனியாவுக்குரிய மங்கலான வெண்திட்டுகள் தென்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவுசெய்தன. கல் வலிக்கு முதல் மருந்தான புரூஃபென் வகை வலிநீக்கிகள் கோவிடைக் கடுமையாக்கும் என்ற எச்சரிக்கை மார்ச் நடுவில் பிரான்சிலிருந்து கிளம்பிப் பரவியது. ஆனால் அவற்றைத் தவிர்க்கும்படி பரிந்துரைக்கவில்லை என்று மார்ச் 18 அன்று உலக சுகாதார நிறுவனம் தெளிவுபடுத்தியது.

கோடையும் ஊரடங்கும்

தமிழ்நாட்டில் ஊரடங்கு 2020 மார்ச் இறுதியில் தொடங்கி, சித்திரை வைகாசி வெயிலோடு ஒன்றுசேர்ந்தது. வியர்வையால் உடல்நீர் வற்றிச் சிறுநீர் செறிவடையும் கோடையே கல்லடைப்பு மிகும் பருவம் என்பதால், மருத்துவமனைக் கதவுகள் ஒருக்களித்திருந்த அதே நாட்களில் நோயின் பருவமும் வந்துசேர்ந்தது. சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்துப் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை கோவிட் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது. மற்ற பெரிய அரசு மருத்துவமனைகளும் தம் படுக்கைகளில் பெரும்பகுதியை அவ்வாறே ஒதுக்கின. பேருந்தும் ரயிலும் நின்ற நிலையில், மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. மருத்துவ அவசரத்துக்கு அனுமதி உண்டு என்றாலும், தன் வலி அவசரமானதா என்பதை நோயாளியே முடிவுசெய்து, அதற்குச் சான்றும் காட்ட வேண்டிய நிலை புதிது.

இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கு முறையான வழிகாட்டுதல் 2020 மார்ச் 25 அன்று, நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாளிலேயே வெளியிடப்பட்டது. கல் நோயாளிகளைப் பொறுத்தவரை, தொலைபேசியில் கேட்டறிய வேண்டியவை சிலவே: காய்ச்சலோ குளிரோ உண்டா, சிறுநீர் பிரிகிறதா, மாத்திரைக்கு வலி கேட்கிறதா, வாந்தி நிற்கிறதா, ஏற்கெனவே ஒரு சிறுநீரகத்தை இழந்தவரா. இவற்றுக்கு வந்த விடையைக் கொண்டு, வலிமாத்திரையும் சிறுநீர்க்குழாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மருந்தும் எழுதித் தந்து, இறங்கும் கல்லைத் துணியில் வடிகட்டிப் பிடித்து வைக்கச் சொல்வதா, உடனே புறப்பட்டு வரச்சொல்வதா என்பதை மருத்துவர் தீர்மானிக்க முடிந்தது. வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கசாயமும் நெடுங்காலமாகவே புழங்கிவந்த வீடுகளில், தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும் என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் கண்ட பிறகு எந்தச் சாறும் கசாயமும் போதாது என்பதுதான் அழுத்திச் சொல்லப்பட வேண்டியிருந்தது. தொற்றுக்கு அஞ்சி மருத்துவமனையை அண்டாமல் இருந்து, சிறுநீரகம் கெட்ட பிறகோ சீழ் கட்டிய பிறகோ வந்துசேர்ந்தவர்களைப் பற்றிப் பல நாட்டு மருத்துவர்களும் எழுதினர். அவசரப் பிரிவுக்கு வரும் கல் நோயாளிகளின் எண்ணிக்கை முதல் அலையின்போது குறைந்ததாக இத்தாலி முதலான நாடுகளின் ஆய்வுகள் காட்டின. கல் உருவாவது நிற்கவில்லை என்பதால், வராதவர்கள் வீட்டில் வலியோடு இருந்தார்கள் என்றே பொருள்கொள்ள வேண்டும்.

கடனாக மாறிய குழாய்

முதல் அலையின் நெருக்கடியைச் சமாளிக்க ஸ்டென்ட் பெரிதும் உதவியது. அடைப்பை நீக்கிவிட்டு, கல்லை எடுக்கும் வேலையைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்க அது வழிசெய்தது. ஆனால், ஸ்டென்ட் உடலில் நிரந்தரமாகத் தங்கத்தக்க பொருள் அன்று. வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். அக்கெடுவைக் கடந்தால், எந்த உப்புகள் கல்லாகத் திரண்டனவோ அதே உப்புகள் குழாயின்மேலும் படிந்து, அதை இழுத்தெடுக்க முடியாதபடி சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும் இறுக்கிவிடும். மறக்கப்பட்ட ஸ்டென்ட் என்று மருத்துவர்கள் குறிக்கும் இந்த நிலை, ஒரு கல்லுக்குப் பதிலாகப் பல கற்களையும், ஓர் அறுவைக்குப் பதிலாகப் பல அறுவைகளையும் கொண்டுவரும். வட்டியோடு வளரும் கடனைப் போல, 2020 வசந்தத்தில் வாங்கிய காலத்துக்கான விலையைப் பல மருத்துவமனைகள் அவ்வாண்டின் பிற்பகுதியிலும் 2021இலும் செலுத்த நேர்ந்தது. இந்தியாவில் 2021 ஏப்ரல், மே மாதங்களின் இரண்டாம் அலை அந்தக் கெடுவை மேலும் தள்ளியது.

இதற்கான தீர்வு கருவியைவிடக் கணக்கேட்டில் இருந்தது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பக்கம் ஸ்டென்ட் வைக்கப்பட்டது, எப்போது எடுக்கப்பட வேண்டும் என்பதைத் தனிப் பதிவேட்டில் குறித்து, கெடு நெருங்கும்போது நோயாளியைத் தொலைபேசியில் அழைக்கும் ஏற்பாடு, முன்னரே சில இடங்களில் இருந்தது; பெருந்தொற்றுக்குப் பின் அதன் இன்றியமையாமை பரவலாக உணரப்பட்டது. குறுகிய காலத்துக்கு மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு, வெளியே நூல் தொங்கவிடப்பட்ட ஸ்டென்டை வைத்து, குறித்த நாளில் வீட்டிலேயே அதை இழுத்தெடுக்கக் கற்றுக்கொடுக்கும் முறையும் கையாளப்பட்டது. முடிந்த இடங்களில் ஸ்டென்டைத் தவிர்த்து, முதல் வருகையிலேயே கல்லையும் அகற்றிவிடுவது இரண்டாவது வருகையையும் இரண்டாவது மயக்கத்தையும் மிச்சப்படுத்தும் என்ற வாதமும் வலுப்பெற்றது. இவ்வாறு, தள்ளிவைப்பதற்கான பேரொழுங்கு ஒன்றை உருவாக்கிய அதே அனுபவம், தள்ளிவைக்காமல் இருப்பதன் சிக்கனத்தையும் கணக்குப் பார்க்க வைத்தது.

செல்சசின் வசந்த காலமும், பீப்சின் ஆண்டுக்கணக்கான தயக்கமும், மோந்தேனின் ஊற்றுநீரும், நெப்போலியனின் ஒத்திவைப்பும், 2020இன் நான்கு அடுக்குகளும் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த காத்திருப்புகள். அவற்றில் மருத்துவம் என்று சொல்லத்தக்கதையும் கைவிடல் என்று சொல்லத்தக்கதையும் பிரிப்பது காத்திருந்த காலத்தின் நீளம் அன்று. இத்தனை நாளுக்குள், இன்ன குறி தென்பட்டால், இன்னார் பொறுப்பேற்பார் என்ற மூன்றும் வகுக்கப்பட்டிருந்தால் ஆறு மாதக் காத்திருப்பும் சிகிச்சையே. அவை வகுக்கப்படாவிட்டால் ஆறு நாளும் ஆபத்தே. பெருந்தொற்றின் வரிசைப்பட்டியல் முதல் இரண்டையும் தெளிவாக எழுதியது. மூன்றாவதை, நோயாளியைத் தேடி அழைக்கும் பொறுப்பாளரை, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஏட்டாலும் தன் ஆட்களாலும்தான் நிறைவுசெய்ய வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனையின் வரிசையில் நிற்கும் ஏழைக் கல் நோயாளி, பெருந்தொற்று இல்லாத ஆண்டுகளிலும் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். 2020இல் எழுதப்பட்ட விதிகளின் நிலையான பயன், அந்தச் சாதாரணக் காத்திருப்புக்கும் ஒரு கெடுவும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்று கேட்பதற்கான ஆதாரத்தைத் தந்ததே ஆகும்.